சாட்சிக்கு எர்த் இல்லை

பொய் சொல்ல முடியாத வண்டிகள் வந்த பிறகு, ஊரிலிருந்து முதலில் காணாமல் போனது நடுத்தெரு வாக்குவாதம்.

முன்பெல்லாம் கோயம்புத்தூரில் இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால் பேருந்து நிற்கும், கூட்டம் கூடும், யாரென்றே தெரியாத நான்கு பேர் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். இப்போது அப்படி இல்லை. உரசிக்கொண்டவர்கள் இறங்கி, கைகட்டி, அவரவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நடந்ததை வண்டி சொல்லும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கு அரசாங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. மக்கள் அதைச் 'சாட்சி' என்றார்கள். புது வண்டிகள் சாட்சியோடுதான் பிறந்தன, தாமே ஓடின. ஸ்டீயரிங்கும் பெடலும் உள்ள பழைய வண்டிகளை, சாட்சியைப் பொருத்திக்கொண்டால் மட்டும் சாலையில் விட்டார்கள்.

உண்மையில் அது நல்ல காலம்தான். குடித்துவிட்டு ஓட்டியவன் தப்பவில்லை. பணக்காரன் டிரைவர்மேல் பழியைப் போட முடியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "சாட்சிமேல சத்தியமா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். விசாரணை என்பது வண்டியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு "மறுப்பு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்பது, அவ்வளவுதான். யாரும் மறுத்ததில்லை. மறுப்பது எப்படி என்றே ஜனங்களுக்கு மறந்துவிட்டது.

மேகலாவும் மறுப்பதாக இல்லை.

அவள் சிறுவாணி ரோட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். தானே ஓடும் வண்டிகள் மண்ணை ஏற்றிக்கொள்வதில்லை. இருக்கையில் ஒரு பிடி செம்மண் சிந்தினாலும் சுத்தம் செய்யச் சொல்லிப் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் அவள் தன் பழைய வெள்ளைக் காரை விடாமல் வைத்திருந்தாள். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அதில் நாற்றுத் தட்டுகளை அடுக்குவாள். அந்தக் காரால்தான், ஐப்பசி மழையில், ரயில்வே பாலத்துக்கு அடியில், தன் தங்கை மஞ்சரியை மோதினாள்.

மஞ்சரி அதே காம்பவுண்டில் பின்வீட்டில் கணவன் கதிரோடு இருப்பவள். மழலையர் பள்ளி ஆசிரியை. அன்று காலையில்தான் அக்கா தங்கை இருவருக்கும் சண்டை. மஞ்சரி தண்ணீர்த் தூவானை மூட மறந்துபோய், ஆர்டருக்கு வைத்திருந்த நாற்றெல்லாம் அழுகிவிட்டது. ஆத்திரத்தில் மேகலா சொன்னாள்: "போடி, என்ற கண்ணு முன்னாடி நிக்காதே!"

சாயங்காலம் அவள் கண் முன்னாலேயே, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மஞ்சரி நின்றாள்.

கால் எலும்பு முறிந்தது. தலை தப்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் மஞ்சரி கேட்ட முதல் கேள்வி, "அக்கா எங்கே, அழுதுக்கிட்டிருக்காளா?" என்பதுதான். மறுநாள் வண்டியின் வாக்குமூலம் அக்கா, தங்கை இரண்டு பேர் கைபேசிக்கும் வந்தது. மேகலாவும் கட்டிலருகில் இருந்தபோது கதிர் அதைச் சத்தமாகப் படித்தான்.

'நான் வாகன ஓட்டி மேகலாவின் வண்டி. பாலத்தடியில் செயற்கைக்கோள் தொடர்பு இல்லாததால் வேகம் பதிவாகவில்லை. எதிரில் ஆள் தென்பட்டபோது ஹாரன் ஒலிக்கப்பட்டது. அமுக்கிய ஹாரன் மோதும்வரை விடப்படவில்லை. பிரேக் மிதிக்கப்படவில்லை.'

ஹாரன் அடித்திருக்கிறாள். அப்படியென்றால் பார்த்திருக்கிறாள். பார்த்தும் மிதிக்கவில்லை.

"நீ பிரேக்க மிதிச்சியாக்கா?" என்று மஞ்சரி கேட்டாள்.

"மிதிச்சேன்டி. மழைத் தண்ணியில வண்டி நிக்கலை."

"அப்ப அது பொய் சொல்லுதா?"

அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

மழைக்காலம் முடிந்து பனி வந்துவிட்டது. அதற்குள் மேகலாவுக்குள் ஒன்று நடந்திருந்தது. முதலில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வலது பாதத்தில் பெடலின் ரப்பர் வரிகள் பதிந்த உணர்வு அப்படியே இருந்தது. பிறகு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் தாமதமாக நகர்ந்தது. கடைசியில் நகரவே இல்லை. குடை தெரிகிறது, தங்கையின் பச்சைச் சுடிதார் தெரிகிறது, தன் கால் மரக்கட்டைபோல் கிடப்பதும் தெரிகிறது. நினைவு என்பது நாற்று மாதிரி, பக்கத்தில் எந்தக் கொம்பை நடுகிறோமோ அதைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது.

திங்கட்கிழமை விசாரணை. 'அறிந்தே மோதியவர்' என்று எழுதுவார்கள். அதற்குச் சிறை உண்டு. ஆனால் மேகலாவை உலுக்கியது அது இல்லை. 'மறுப்பு உண்டா?' என்ற கேள்வியைப் பாதிக்கப்பட்டவரிடமும் கேட்பார்கள். மஞ்சரி எழுந்து, "இல்லை" என்பாள். அந்த ஒரு சொல்லை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

*

சாட்சியைப் பொருத்திய எலக்ட்ரீஷியன், விசாரணைக்கு முன் ஒருமுறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை முற்பகலில் ரியாஸ் வந்தான். குனியமுத்தூர்க்காரன். பொறியியல் படித்து, தானியங்கி வண்டி செய்யும் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அங்கே பேச ஆளில்லை என்று வெளியே வந்தவன். அவனுக்கு வாய் ஓயாது.

"என்னக்கா இது, வண்டியா வயலா? உள்ள ரெண்டு போகம் வெள்ளாமை பண்ணலாம் போல."

மேகலா சிரிக்கவில்லை. "சீக்கிரம் முடிச்சிரு ரியாஸ். பொட்டியில தப்பில்லைன்னு எனக்கே தெரியும்."

கார் அவள் வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவிலிருந்த தகரக் கொட்டகையில், பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க நின்றது. கண்ணாடியில் 'நகர்த்தக் கூடாது' என்ற தாள். ரியாஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாகச் சின்னப் பச்சை விளக்குகள். பிரேக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று. வண்டி எதை உணர்கிறதோ அந்த விளக்கு எரியும்.

பிரேக்கைக் கையால் அமுக்கினான். பிரேக் விளக்கு எரிந்தது. விட்டான், அணைந்தது. ஹாரனை அமுக்கினான். ஹாரன் விளக்கு எரிந்தது. வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தான், ஆட்டினான். எதுவும் கழன்று வரவில்லை. ஃபியூஸ்களைப் பிடுங்கி வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினான். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, மூடினான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க்கா." அவன் குரல் தணிந்துவிட்டது. "ஒருவேளை ஏதாச்சும் கிடைக்கும்னு பார்த்தேன்."

"அதான் சொன்னேனே."

அப்போது பின்வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரியாஸ் தம்பி, அந்த ஹாரன் அன்னிக்கும் இப்படித்தான் கத்துச்சு."

மஞ்சரி ஊன்றுகோலில் சாய்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேகலாவைப் பார்க்கவில்லை.

"எப்படிங்க்கா?"

"சளி புடிச்ச ஆடாட்டம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ மொபெட்டு போகுதுன்னு நெனச்சேன். அதான் நான் நகரலை."

ரியாஸ் மறுபடி ஹாரனை அமுக்கினான். காது கொடுத்துக் கேட்டான். அது கத்தவில்லை, கமறியது.

"இது நான் போட்ட ஹாரன். போட்டப்போ பக்கத்துக் கடை டீ மாஸ்டர் கிளாசைக் கீழ போட்டுட்டாரு. அவ்வளவு சத்தம்." அவன் ஹெட்லைட்டைப் போட்டு ஹாரனை அமுக்கினான். கொட்டகைத் தூணில் விழுந்திருந்த வெளிச்சம் சட்டென்று மங்கி, ஹாரனை விட்டதும் தெளிந்தது. அவன் பேச்சை நிறுத்தினான். ரியாஸ் பேசாமலிருப்பதை மேகலா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"மேகலாக்கா, ஒரு உதவி. அன்னிக்கு என்ன பண்ணீங்களோ அதை அப்படியே ஒருதடவை பண்ணிக் காட்டுங்க."

"நான்தான் ஒண்ணும் பண்ணலையே."

"சரி, அந்த ஒண்ணும் பண்ணாததையே பண்ணிக் காட்டுங்க."

"வேண்டாம் ரியாஸ். என்னால அதுல உக்கார முடியாது."

"இல்லைன்னா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க்கா."

அது பொய். மேகலாவுக்கும் அது பொய் என்று தெரிந்தது. இருந்தாலும் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கையில் பழைய மண்வாசம். ரியாஸ் பக்கத்து இருக்கையில் குனிந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் போனது. மேகலா கண்ணை மூடினாள். குடை வந்தது. பச்சைச் சுடிதார் வந்தது. கால் மரக்கட்டையாகவே கிடந்தது. "பார்த்தியா? வரலை..." என்று ஆரம்பித்தாள்.

ரியாஸ் கையிலிருந்த பெரிய ஸ்பேனரைத் தூக்கி, ஜன்னல் வழியாகக் கண்ணாடிக்கு முன்னால் எறிந்தான். அது பானெட்மேல் இடிபோல் விழுந்தது.

மேகலாவுக்கு யோசிக்க நேரமில்லை. இடது உள்ளங்கை ஹாரனில் பாய்ந்தது. வலது கால் பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்தியது. இரண்டும் ஒன்றாக. ஹாரன் கமறிக்கொண்டே இருந்தது.

"அப்படியே இருங்க! எடுக்காதீங்க!" என்று ரியாஸ் கத்தினான்.

பெட்டியில் ஹாரன் விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை.

ஆனால் காருக்குப் பின்னாலிருந்து மஞ்சரியின் குரல் கேட்டது. அவள் எப்போது வெளியே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாகக் காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே வந்து நின்றிருந்தாள். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"எரியுது!" என்று அவள் அலறினாள். "பின்னாடி லைட்டுல செவரு பூரா செவப்பா எரியுது! அக்கா, நீ மிதிச்சிருக்கே! மிதிச்சிருக்கேடி!"

'டி' போட்டுவிட்டதைக்கூட அவள் உணரவில்லை. மேகலாவும் உணரவில்லை. அவள் காலை எடுக்காமல், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, பாதத்தில் அழுந்தும் ரப்பர் வரிகளை எண்ணுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். இது தெரிந்த உணர்வு. இது அவளுடையது. தொலைந்துபோன செருப்பு வாசலிலேயே கிடைத்ததுபோல் இருந்தது.

*

"எர்த்துதான்," என்றான் ரியாஸ். பேச்சு திரும்பி வந்துவிட்டது. "பழைய வண்டியில கரண்டு ஒரு வயர்லதான் போகும். திரும்பி வர்றதுக்குத் தனி வயரு கிடையாது. வண்டியோட உடம்பு வழியாத்தான் வரணும். அந்த உடம்புல வயரை முடுக்கற எடம்தான் எர்த். அது துருப்புடிச்சா எல்லாம் கெடும்."

"அப்ப பிரேக்க மட்டும் மிதிச்சா ஏன் சரியாக் காட்டுது?" என்று மஞ்சரி கேட்டாள். மேகலா அவளுக்காக ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். மஞ்சரி அதில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் இன்னும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்கவில்லை.

"தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு குச்சி விட்டுப் பாக்கறீங்க. அடியில சேறு பொங்கி மேல வந்துட்டா? தண்ணி மட்டம் அப்படியேதான் இருக்கும். குச்சிக்கு மட்டும் கொறைச்சலாத் தெரியும். இந்தப் பொட்டிக்கு எர்த்துதான் தரை. அங்கிருந்துதான் எல்லாத்தையும் அளக்கும். ஹாரன் நெறைய கரண்டு குடிக்கும். அது திரும்பிப் போற வழி அடைச்சிருந்தா, பொட்டியோட தரை மேல தூக்கிரும். பிரேக்கு வயருல கரண்டு வந்தும், பொட்டி கண்ணுக்குப் பத்தலை. மிதிக்கலைன்னு எழுதிருச்சு."

"பொய் சொல்லுச்சா?"

"பொய் இல்லைங்க்கா. அதுக்குத் தெரிஞ்ச உண்மையைச் சொல்லுச்சு. அது நின்ன தரை சரியில்லை." பிறகு கொஞ்சம் தயங்கினான். "சோதனை பண்றவங்க எல்லாரும் ஒவ்வொண்ணா அமுக்கித்தான் பார்ப்போம். பிரேக்கு, அப்புறம் ஹாரன். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா நம்மூர்ல எவன் ஒவ்வொண்ணா அமுக்கறான்? குறுக்க கோழி வந்தாக்கூட ரெண்டையும் சேர்த்துத்தான் அமுக்குவோம். இந்தப் பொட்டியச் செஞ்சவன் ஹாரனே அடிக்காத ஏதோ ஊர்க்காரன்."

தெருவில் ஒரு பழைய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போக, அவன் அந்தப் பக்கமே பார்த்தான். மேகலாவுக்கும் அதே எண்ணம்தான் வந்திருந்தது. இந்த ஊரில் இன்னும் எத்தனை பழைய வண்டிகள்? எத்தனை பேர் எழுந்து நின்று, தங்கள் கால்களையே சந்தேகப்பட்டு, "மறுப்பு இல்லை" என்று சொல்லியிருப்பார்கள்?

"சரி, அந்த எர்த் எங்கே இருக்கு?" என்றாள்.

ரியாஸ் பானெட்டைத் தூக்கினான். இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தான். அடித்த கை அப்படியே நின்றது.

எர்த் வயரை முடுக்கிய போல்ட்டில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே பச்சை மிளகாய், ஒரு துண்டு கரி. வண்டிக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது, தானியங்கி வண்டிகளின் கண்ணுக்குக் குழப்பம் என்று உத்தரவு போட்ட நாளிலிருந்து, ஊரில் எல்லாருடைய திருஷ்டிப் பழமும் பானெட்டுக்குள் குடியேறியிருந்தது. உள்ளே கட்டுவதற்கு வாகாக நீட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு போல்ட்தான். என்ஜின் சூட்டில் முன்பு கட்டிய பழங்கள் வெந்து, சாறு இறங்கி, போல்ட் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பழைய நூல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிக் கிடந்தன.

"யா அல்லா," என்று ரியாஸ் தலையில் கைவைத்தான். "சித்த முன்னாடிகூடப் பார்த்தேன். சாமி சமாச்சாரம், நாம கை வெக்கக் கூடாதுன்னு டார்ச்சைத் தள்ளி அடிச்சேன். பொட்டி மாட்டின அன்னிக்கும் ஒரு பழம் இருந்துச்சு, அதுக்குக் கீழ பதனமா வயரை விட்டு முடுக்கினேன். ஆர்டிஓ ஆபீஸ்காரங்களும் அதை விட்டுட்டுத்தான் போட்டோ எடுத்திருக்காங்க. எல்லாரும் மரியாதை பண்ணிப் பண்ணியே உங்களை ஜெயிலுக்கு அனுப்பியிருப்போம்க்கா!"

பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது. "வண்டிக்குள்ள ஒரு லோடு மண்ணு வெச்சிருக்கீங்க. வண்டிக்கு ஒரு பிடி எர்த் இல்லை!"

மேகலா சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கையே இல்லையே. இதை யாரு கட்டினது?" என்றாள்.

உரச்சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த மஞ்சரி ஊன்றுகோலின் ரப்பர் முனையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நீயா?"

"நீ திட்டுவேன்னு சொல்லலை. ஒவ்வொரு அமாவாசைக்கும், நீ தூங்கினப்புறம்." அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "நானே கட்டி, நானே ஹாரனைக் கெடுத்து, நானே போய் முன்னால நின்னிருக்கேன் பாரு."

"அட, விடுடி. நாத்து அழுகினதை விடவா இது?"

மேகலா குனிந்து அந்தப் பழத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தபின்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அது காய்ந்திருக்கவில்லை. மஞ்சளில் இன்னும் பச்சை ஓடியது. மிளகாய் வாடக்கூட இல்லை. போன அமாவாசை இந்த வாரம்தான் வந்தது. அப்போது மஞ்சரி ஒற்றைக் காலில் இருந்தாள். வாக்குமூலம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"மஞ்சு, இது இப்போ கட்டினது."

"ம்."

"இந்தக் காலோடவா?"

"பானெட்டைத் தூக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஊன்றுகோலை முட்டுக்கொடுத்தேன்."

"சாட்சியைக் கலைச்சேன்னு உங்களைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க்கா," என்றான் ரியாஸ். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போல்ட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேகலா தங்கையின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். "நான் மிதிக்கலைன்னு நீ நம்பினே இல்ல?"

"நம்பினேன்."

"நம்பிட்டுமா கட்டினே?"

மஞ்சரி முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்றே புரியாதவள்போல் பார்த்தாள்.

"மிதிக்கலைன்னா என்ன, நீ என்ற அக்கா இல்லாம போயிருவியா? இன்னொருதடவை வேற யாரு மேலயும் மோதிறக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

ரியாஸ் போல்ட்டைக் கைபேசியில் நாலு பக்கமும் படமெடுத்துவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தான். பச்சைக் களிம்பு உதிர்ந்து, அடியிலிருந்து இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. வயரை வைத்து முடுக்கினான். "இப்ப ரெண்டையும் சேர்த்து அமுக்குங்க."

மேகலா அமுக்கினாள். ஹாரன் அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன. மஞ்சரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும்டி, போதும்!" என்று சிரித்தாள். பெட்டிக்குள் இரண்டு விளக்குகளும் அருகருகே எரிந்தன.

"திங்கக்கிழமை நானும் வர்றேன்," என்றான் ரியாஸ். "கூட ஒரு ஹாரன், ஒரு பேட்டரி, ஒரு எலுமிச்சம்பழம். மறுப்பு உண்டான்னு கேட்டதும் மேசைமேல வெச்சு செஞ்சே காட்டிருவோம். அப்புறம் பழைய கேசையெல்லாம் அவங்களே தோண்டட்டும்."

"மறுப்பு உண்டுன்னு நான்தான் சொல்லுவேன்," என்றாள் மஞ்சரி. "செவரு செவந்ததைப் பார்த்த சாட்சி நான்தானே?"

ரியாஸ் சாமான்களை எடுத்து வைத்தான். மேகலா பானெட்டை மூடப் போனாள், மூடவில்லை. கையிலிருந்த பழத்தைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வயதில் அவள் ஒரு திருஷ்டிப் பழத்தையும் கட்டியவளில்லை.

"ரியாஸ், இதை எங்க கட்டினா ஒண்ணும் ஆகாது?"

அவன் கண்ணாடி துடைக்கும் தண்ணீர் டப்பாவின் பிளாஸ்டிக் கழுத்தைக் காட்டினான். மேகலா நூலை இரண்டு சுற்றுச் சுற்றினாள். முடிச்சுப் போடத் தெரியாமல் திணறியபோது, பின்னாலிருந்து ஊன்றுகோலின் சத்தம் நெருங்கி வந்தது.

"தள்ளு," என்றாள் மஞ்சரி. "உனக்கு இதெல்லாம் வராது."

மேகலா தள்ளிப் போகவில்லை. நூலின் ஒரு நுனியை மட்டும் அவளிடம் கொடுத்தாள்.